பெறுபேறு வந்த மறுநாள்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் நாளை எங்கள் ஊர்களில் எவரும் பறைசாற்றத் தேவையில்லை. ஒரு வீட்டிற் பட்டாசு வெடிக்கும். அயல் வீட்டிற் கதவு சாத்தப்படும். பட்டாசு வெடித்த வீட்டுக்கு எப்படிப் போவது, என்ன பேசுவது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கதவு சாத்திய வீட்டுக்குப் போகத்தான் நமக்குத் தெரிவதில்லை. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பெரியவர்களாகிய நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிலே கணக்கைச் சிறிது பார்ப்போம். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை காலந் தாழ்ந்து 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்றது. அதற்குத் தோற்றியோர் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர். அவர்களுள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெற்றோர் 1 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களோ அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு 40 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மாணவரையே சேர்த்து வருகின்றன. ஆகவே, தகுதி பெற்ற நால்வருள் ஏறத்தாழ மூவருக்கு இடமில்லை. இம்மூவரும் பரீட்சையிற் சித்தியெய்தாதவர் அல்லர். சித்தியெய்தியும் இடம் பெறாதவர். இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. "எடுபடவில்லை" என்ற ஒரே சொல்லில் இருவகையினரையும் அடக்கிவிடுகின்றோம்.

இடம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது? 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்னும் முறை கையாளப்பட்டு வருகின்றது. நான் கலைப்பட்டதாரி, கணிதம் எனக்குத் தூரத்து உறவு. எனினும், அம்முறையின் கருத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கின்றார் என்று பார்த்து, அத்தூரத்தை அப்பாடத்துப் புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவினால் வகுக்கின்றார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றவற்றின் சராசரியே இசட் புள்ளி. எளிய பாடம், கடினமான பாடம் என்ற வேற்றுமை ஒருவருக்கு நன்மையாகவும் மற்றவருக்குத் தீமையாகவும் அமைந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

பின்னர், பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 வீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீத இடங்கள் கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. இதனால், ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் ஒருவர் தம் மாவட்டத்திலிருந்து அனுமதி பெற, வேறு மாவட்டத்து மாணவர் வெளியே நிற்பதும் உண்டு. புள்ளி நான்கு தசமதானங்கள் வரை கணிக்கப்படுவதால், மூன்றாம் நான்காம் தானத்து இலக்கம் ஒன்றினாலேயே இடத்தை இழந்தவரும் உளர். குறைவான இடங்களைப் பலருக்குப் பங்கிட ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நான் குறைகூறவில்லை. இடங்களைப் பங்கிட வந்த அந்த அளவுகோலைக் கொண்டு பிள்ளையின் பெறுமதியை அளப்பதே நாம் செய்யும் பிழை.

அப்பிழையை நானும் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன், நான் அதிபராயிருந்த பாடசாலையின் வாயிலிலே, பல்கலைக்கழக அனுமதி பெற்ற 9 மாணவருடைய படங்களுடன் பெரியதொரு பதாகையைத் தொங்கவிட்டோம். ஊரார் மகிழ்ந்தார்கள்; நானும் பெருமையடைந்தேன். ஒரு மாதத்தின் பின் ஒரு தாய் தம் மகனுடைய விடுகைப் பத்திரத்தைப் பெற வந்தார். "தம்பி ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். "அவன் இந்தப் பாதையால் வருவதில்லை, சேர். கடைக்குப் போவதானாலும் குளக்கட்டால் சுற்றித்தான் போகிறான்" என்றார். அவர்களுடைய வீடோ பாடசாலைக்கு எதிர்த் தெருவில் இருந்தது. படலையைத் திறந்தால் அந்தப் பதாகைதான் கண்ணிற்படும்.

அன்று மாலை அவ்வீட்டுக்குச் சென்றேன். மூன்றாம் முறையும் தோற்றி, மிகச் சிறிய வித்தியாசத்தில் இடத்தைத் தவறவிட்ட பையன் அவன். நெடுநேரம் பேசாதிருந்தவன் இறுதியிற் சொன்னான்: "இடம் கிடைக்காததை நான் தாங்கிக்கொள்வேன், சேர். பெறுபேறு வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு இருந்து சாப்பிடுவதில்லை." தகப்பனார் திண்ணையில் இருந்து இதனைக் கேட்டார். அவர் கொடியவர் அல்லர். மகனைப் பார்த்தால் என்ன சொல்வதென்று தெரியாமையாலேயே அவர் ஒதுங்கியிருந்தார். அந்த ஒதுக்கத்தைப் பையன் வெறுப்பென்று எண்ணிக்கொண்டான்.

நேயர்களே, அன்று நான் கற்றுக்கொண்டவற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, பெறுபேறு வந்த முதற் சில நாட்களில் ஆலோசனை வேண்டாம். அருகில் இருப்பதே போதும். உணவு வேளையில் வழமை போலப் பிள்ளையுடன் அமருங்கள். "உனக்காக எவ்வளவு செலவழித்தோம்" என்ற பேச்சும், மாமன் மகன், மச்சாள் மகள் என்ற ஒப்பீடும் வாயிலிருந்து வராதிருக்கட்டும். வீட்டுக்கு வருவோர் பெறுபேற்றைக் கேட்டால், பிள்ளையைப் பதில் சொல்ல விடாது, பெற்றோரே அமைதியாகப் பதிலளிக்கலாம்.

இரண்டாவது, வழிகளை நாம் முன்னரே அறிந்திருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தில் இசட் புள்ளிப் போட்டியின்றி, தொழில் செய்துகொண்டே பட்டம் பெறலாம்; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணிக்கு 7 படிகள். 4ஆம் படி வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7ஆவது பட்டத்துக்குச் சமமானது. தொழினுட்பக் கல்லூரியிற் கம்பி பொருத்தப் பழகத் தொடங்கும் ஒருவர் அவ்வேணியிற் படிப்படியாக ஏறலாம். தொழிற்கல்விக்கெனவே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு.

ஆனால் இவ்வழிகளைச் சொல்லும் முறையொன்று இருக்கின்றது. "தொழிற்பயிற்சிக்காவது போ" என்கின்றோம். அந்த "ஆவது" என்னும் சிறிய இடைச்சொல் பிள்ளையின் நெஞ்சிலே தைக்கும் முள். "இது உனக்குப் பிடிக்குமா? இருவரும் போய்ப் பார்த்து வருவோமா?" என்று கேட்பது வேறு.

மூன்றாவது, விழிப்பாயிருங்கள். உறக்கமும் உணவும் குன்றி, நண்பரை வெறுத்து, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்து, "நான் உங்களுக்குப் பாரம்" என்று பிள்ளை பேசத் தொடங்கினால், அது சோம்பலன்று, ஆபத்தின் அறிகுறி. "சாக வேண்டும் என்று நினைக்கின்றாயா?" என்று பரிவோடு நேரே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. உள்ளே கிடப்பதை வெளியே சொல்ல வழி திறக்கும். அத்தகைய வேளையிற் பிள்ளையைத் தனியே விடாது, அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையை நாடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

பாடசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த ஆண்டு முதல் நாங்கள் பதாகை கட்டவில்லை. சில பெற்றோருக்கு அது மனக்குறைதான். அதற்குப் பதிலாக, பெறுபேறு வந்த ஒரு வாரத்துள் தோற்றிய மாணவர் அனைவரையும் பெற்றோருடன் அழைத்து, ஒவ்வொருவராக இருத்தி, இனிச் செல்லக்கூடிய வழிகளைப் பேசினோம். வென்றவர் பெருமை இதனாற் குறைந்துவிடவில்லை. மற்றவர் சுற்றுப்பாதையால் நடக்க வேண்டியும் இருக்கவில்லை.

குளக்கட்டால் நடந்த அப்பையன் பின்னர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, இன்று குளிரூட்டிகள் திருத்தும் தொழிலைச் செய்து வருகின்றான். அண்மையில் என்னைக் கண்டபோது, "அந்தப் படிப்புத்தான் உன்னை நிமிர்த்தியது, இல்லையா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இல்லை, சேர். நீங்கள் வந்துபோன அன்றிரவு அப்பா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில்தான் நான் படலையைத் திறந்து தெருவுக்கு வந்தேன்" என்றான்.

இம்முறை பெறுபேறு வரும்போது, உங்கள் அயலிலும் ஒரு கதவு சாத்தியிருக்கலாம். தயங்காது சென்று தட்டுங்கள்.