பட்டுப்பூச்சி, கொசு, மயில்... விமானிகள் விமானத்துக்கு வைத்த பெயர்கள்!

பாலக்கோடு பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரே ஒரு சொல்தான் காதில் விழும். வண்டி!

"ஓசூர் வண்டி போயிடுச்சா?"

"தக்காளி வண்டி இன்னும் வரலை."

"உன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா."

பஸ்சும் வண்டிதான், லாரியும் வண்டிதான். கரும்பு ஏற்றும் டிராக்டர், மாமனார் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள், பெங்களூர் போகிற ரெயில், எல்லாமே வண்டிதான். ஓட்டுகிறவனும் அப்படித்தான் சொல்கிறான். ஏறுகிறவனும் அப்படித்தான் சொல்கிறான்.

அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே பெங்களூர் பக்கமாக ஒரு விமானம் போகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழே நிற்கிற நமக்கு அது விமானம். நம் பாட்டிக்கு அது ஆகாயக் கப்பல். பள்ளிக்கூடப் பையனுக்கு ஏரோப்ளேன்.

சரி, அதை ஓட்டிக்கொண்டு போகிறாரே, அவர் அதை என்னவென்று சொல்வார்?

விசாரித்துப் பார்த்தால் ஒரு பெரிய பட்டியலே கிடைக்கிறது. அதில் சிரிப்பும் இருக்கிறது. உயிர்ப் பலியும் இருக்கிறது.

பட்டம், பெட்டி, பறவை

புத்தகத்தில் எழுதுகிற பெயர் 'ஏர்கிராப்ட்'. வேலை நேரத்தில் விமானிகள் சொல்வதும் அதுதான். 'பிளேன்' என்பது பெரும்பாலும் பயணிகள் சொல்கிற சொல்.

ஆனால் வேலை முடிந்து நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானிகள் தங்கள் விமானத்தை 'கைட்' என்று சொன்னார்கள். அதாவது பட்டம், நம்ம ஊர்க் காற்றாடி! பழைய, ஓட்டை விமானம் என்றால் அது 'கிரேட்'. அதாவது தக்காளி அடுக்குகிறோமே, அந்த மாதிரி பெட்டி.

அமெரிக்க விமானிகளுக்கு அது 'ஷிப்' (கப்பல்), இல்லாவிட்டால் 'பேர்ட்' (பறவை). நம் பாட்டி சொன்ன ஆகாயக் கப்பலும் அமெரிக்க விமானி சொன்ன கப்பலும் ஒன்றுதான். பாட்டியைக் கேலி செய்யாதீர்கள்!

பட்டுப்பூச்சிக்குச் சொந்தக்காரன்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பட்டுக்கூடு பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற அந்துப்பூச்சியை ஆங்கிலத்தில் 'மாத்' என்பார்கள்.

இங்கிலாந்தில் ஜெப்ரி டி ஹாவிலேண்ட் என்று ஒரு விமானத் தயாரிப்பாளர் இருந்தார். அவருக்கு அந்துப்பூச்சி என்றால் உயிர். தேடித் தேடிச் சேகரிப்பார். 1925-ல் அவர் செய்த சின்ன விமானத்துக்கு இறக்கையைப் பின்பக்கமாக மடக்கி வைக்கிற வசதி இருந்தது. உட்கார்ந்திருக்கும் பூச்சி மாதிரியே இருக்கிறது என்று அதற்கு 'மாத்' என்றே பெயர் வைத்துவிட்டார். பிறகு வந்த தம்பிகளுக்கும் ஜிப்சி மாத், புஸ் மாத், டைகர் மாத் என்று பூச்சிப் பெயர்தான்.

இந்தப் பூச்சிக்கும் நம் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து தபால் மூட்டையுடன் கிளம்பினார். ஆமதாபாத் வழியாக பம்பாய் வந்து இறங்கினார். அவர் ஓட்டி வந்தது ஒரு புஸ் மாத். பம்பாயில் இருந்து தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. பிற்காலத்தில் ஏர் இந்தியா என்று வளர்ந்த கம்பெனி பிறந்தது இப்படித்தான். ஒரு பூச்சியின் முதுகில்!

கொசு கடித்தது, வாள் விழுந்தது!

அடுத்த கதை பெங்களூர். அங்கே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் 'நாட்' என்ற போர் விமானத்தைக் கட்டினார்கள். நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பொடிப் பூச்சி. விமானமும் அப்படித்தான், சின்னது.

1965 போரில் பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் 'சேபர்' விமானங்கள் இருந்தன. சேபர் என்றால் வாள். கொசு என்ன செய்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடந்தது வேறு. நாட் விமானங்கள் சேபர்களைச் சுட்டு வீழ்த்தின. அன்றில் இருந்து அதற்கு 'சேபர் ஸ்லேயர்' என்று பட்டம்.

1971 டிசம்பர் 14-ந்தேதி ஸ்ரீநகர் விமானத் தளத்தின் மீது சேபர்கள் குண்டு போட்டபோது, எதிர்த்து ஏறிய நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் இதே நாட்தான். தன்னந்தனியாகப் போராடி உயிரை விட்டார். விமானப் படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே வீரர் அவர்தான்.

யானையும் உண்டு, புயலும் உண்டு

வெளிநாட்டில் வாங்கினாலும் நம் விமானப் படை நம் பெயரைச் சூட்டிவிடும். பிரான்சில் இருந்து வந்த 'ஊரகான்' இங்கே 'தூபானி' ஆனது. இரண்டுக்கும் புயல் என்றே பொருள். ரஷியாவின் ராட்சத சரக்கு விமானம் ஐ.எல்.76-க்குப் பெயர் 'கஜராஜ்'. மிராஜ் 'வஜ்ரா' ஆனது. மிக்-29 'பாஸ்', அதாவது ராஜாளி. ஏ.என்.32-க்கு 'சட்லஜ்' என்று ஆற்றின் பெயர்.

பயணிகள் விமானத்தில் ராஜாக்கள்! ஏர் இந்தியாவின் பழைய ஜம்போ விமானங்களுக்கு மன்னர்கள் பெயர் வைத்தார்கள். அசோகர், அக்பர் வரிசையில் நம் ராஜேந்திர சோழனும் மகேந்திர வர்மனும் பறந்தார்கள். அந்த வரிசையில் ஒன்றுதான் 'கனிஷ்கா'. 1985 ஜூன் 23-ந்தேதி அயர்லாந்து அருகே நடுவானில் குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் எண்ணை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கனிஷ்கா என்றால் இன்றும் ஆட்களுக்குத் தெரிகிறது.

பெங்களூரில் பிறந்த இலகு ரகப் போர் விமானம் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ந்தேதி. அதற்கு 'தேஜஸ்' என்று பெயர் சூட்டியவர் பிரதமராக இருந்த வாஜ்பாய். அது 2003-ல். அந்தத் தேஜஸ் படைப்பிரிவு 2018-ல் நம் கோவை பக்கம் சூலூருக்கு வந்தது. அதே சூலூரில்தான் 'சாரங்' ஹெலிகாப்டர் சாகசக் குழுவும் இருக்கிறது. சாரங் என்றால் மயில்.

பெங்களூர் பஸ்சில் போகிறவர்களுக்கு

வேலைக்காக பெங்களூர் போகிறவர்கள் அங்கே சுரஞ்சன் தாஸ் ரோடு என்று ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கலாம். யார் அவர்?

இந்தியாவிலேயே உருவாக்கிய ஜெட் போர் விமானம் 'மருத்'. மருத் என்றால் காற்று. 1961-ல் அதை முதன்முதலில் மேலே கொண்டு போனவர் சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரி 10-ந்தேதி அதே ரக விமானத்தைப் பரிசோதித்தபோது பெங்களூரில் விழுந்து இறந்தார்.

கொக்கு இனத்துப் பறவையின் பெயரை வைத்து 'சரஸ்' என்று ஒரு பயணிகள் விமானம் செய்தார்கள். 2009 மார்ச் 6-ந்தேதி பெங்களூரை அடுத்த பிடதி அருகே அது விழுந்தது. பரிசோதிக்கப் போன விமானப் படை அதிகாரிகள் மூன்று பேரும் பலியானார்கள்.

பெயர் அழகாக இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கொடுத்த விலை சின்னதல்ல.

'ஹெவி' என்றால் தள்ளி நில்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ரேடியோவில் பேசும்போது விமானிகள் செல்லப் பெயர் எதையும் சொல்லக்கூடாது. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு.

136 டன்னும் அதற்கு மேலும் எடை உள்ள விமானம் என்றால், கட்டுப்பாட்டு அறையை முதலில் கூப்பிடும்போது பெயரோடு 'ஹெவி' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மாடி ஏர்பஸ் ஏ-380 என்றால் 'சூப்பர்'. பெருமைக்காக அல்ல. பெரிய விமானம் போன வழியில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். பின்னால் வருகிற சின்ன விமானம் அதில் சிக்கினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனால் மொபெட் ஆடுகிறதே, அதைப் போல நூறு மடங்கு. 'ஹெவி' என்ற ஒரு சொல், "எனக்குப் பின்னால் வருகிறவனைத் தள்ளி நிறுத்து" என்று அர்த்தம்.

இன்னொரு சொல் 'டிராபிக்'. நமக்கு டிராபிக் என்றால் தர்மபுரி நாலு ரோடு. விமானிக்கு அது, பக்கத்தில் பறக்கிற இன்னொரு விமானம்.

1996 நவம்பர் 12-ந்தேதி மாலை. டெல்லியில் இருந்து ஒரு சவுதி ஜம்போ விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எதிரே கஜகஸ்தான் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. இதை 14 ஆயிரம் அடியிலும், அதை 15 ஆயிரம் அடியிலும் நிற்கச் சொன்னார்கள். எதிரே 'டிராபிக்' இருக்கிறது என்றும் எச்சரித்தார்கள். ஆனால் கஜகஸ்தான் விமானம் சொன்ன உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

அரியானாவில் சர்க்கி தாத்ரி நகரத்துக்கு அருகே வானத்தில் இரண்டும் மோதின. 349 பேர் பலி! ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த விமானக் குழுவினருக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததும் ஒரு காரணம் என்று விசாரணையில் வந்தது. 2008 மார்ச்சில் இருந்து, வெளிநாட்டுக்குப் பறக்கிற விமானி என்றால் ஆங்கிலத்தில் பேசவும் புரிந்துகொள்ளவும் தேர்வில் தேற வேண்டும் என்ற சர்வதேச விதி அமலுக்கு வந்தது.

நாம் பஸ் நிலையத்தில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் வண்டியை விட்டுவிடுவோம். மேலே அப்படியில்லை.

தாம்பரத்தில் இருந்து கிளம்பிய 29 பேர்

2016 ஜூலை 22-ந்தேதி காலை. தாம்பரம் விமானப் படைத் தளத்தில் இருந்து ஒரு ஏ.என்.32 கிளம்பியது. போர்ட் பிளேர் போய்ச் சேர வேண்டும். உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேலே போனபோது ராடாரில் இருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஏழரை வருடம் கழிந்தது. 2024 ஜனவரியில்தான் தகவல் வந்தது. சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோ மீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைப் படம் எடுத்தது. வேறு எந்த விமானமும் அந்த இடத்தில் காணாமல் போனதாகத் தகவல் இல்லை. எனவே இது அதுதான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

அந்த விமானத்துக்கு சட்லஜ் என்று ஆற்றின் பெயர் இருந்தது. கோப்பில் 'கே 2743' என்று எண் இருந்தது. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அது "அவர் போன பிளேன்". வேறு பெயர் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம் சொல் எது?

விமானம் என்பதே பழைய சொல்தான். கோவில் கருவறைக்கு மேலே எழும்புகிற கோபுரத்துக்கும் அதுதான் பெயர். தஞ்சையில் பெரிய கோவில் விமானம் 216 அடி. அதே ஊர் விமானப் படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் விமானப் பிரிவு தொடங்கியது. விமானம் இருக்கிற ஊருக்கே விமானம் வந்து சேர்ந்திருக்கிறது!

ஓட்டுகிறவன் இல்லாமலே போகிற வான ஊர்தி பற்றி புறநானூற்றின் 27-வது பாட்டு பேசுகிறது. இன்று ஓட்டுகிறவன் ஏறாமல் பறப்பது டிரோன். டிரோன் என்றால் ஆண் தேனீ. இந்தப் பெயர் வந்த கதையும் நம் பூச்சியிடம்தான் போய் முடிகிறது. 1935-ல் டைகர் மாத் விமானத்தை ஆளில்லாமல் ரேடியோ மூலம் பறக்க வைத்து, அதற்கு 'குயின் பீ' (ராணித் தேனீ) என்று பெயரிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் டிரோன் என்ற பெயர் வந்தது என்று சொல்வதுண்டு.

இது பாலக்கோட்டுப் பையன்கள் கவனிக்க வேண்டிய சேதி. 2021 டிரோன் விதிகளின்படி 18 வயது முடிந்து, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்தால் சான்றிதழ் உண்டு. வயலுக்கு மருந்து அடிக்கிற டிரோனை ஓட்டலாம். அந்தச் சான்றிதழில் இருக்கிற பட்டம் என்ன தெரியுமா? 'ரிமோட் பைலட்'. பைலட்!

ஓசூரில் 2 ஆயிரம் ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். அது வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள். ஹெவி, டிராபிக் எல்லாம் அவர்கள் வாயிலும் புழங்கும். சொல்லைப் படிக்கிறபோதே அதன் பின்னால் போன உயிர்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

வேலை முடிந்து ஊருக்கு வந்து பஸ் நிலையத்தில் இறங்கும்போது யாராவது கேட்பார்கள்:

"என்னப்பா, இப்போ என்ன வண்டி ஓட்டறே?"

பதில் சொல்ல அவனிடம் எத்தனையோ பெயர் இருக்கும். ஆனால் கேட்டவருக்கு அதுவும் வண்டிதான்!