மதுச்சாலைப் பரீட்சை

கள்ளுக்கடையையும் கல்வியையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல நமக்கு நா எழாது. ஆனால் ‘பப்’ என்று எல்லோரும் அழைக்கும் இங்கிலாந்து தேசத்து மதுச்சாலை, குடிப்பதற்கு மட்டுமேயான இடமாக இராமல், ஊர்ச் சாவடியாகவும் சம்பாஷணை மண்டபமாகவும் பல தலைமுறைகளாக விளங்கி வருவதால், தச்சரும் தபால்காரரும் பள்ளி உபாத்தியாயரும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் வாரத்தில் ஓர் இரவு அங்கே ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எட்டாம் ஹென்றி மன்னனின் நான்காம் மனைவி யார், பனாமாத் தொப்பி உண்மையில் எந்த நாட்டுச் சரக்கு என்பன போன்ற வினாக்களோடு மல்லாடிக்கொண்டிருப்பதை அத்தேசத்தார் விசித்திரமாகக் கருதுவதில்லை. (முன்னதற்கு விடை கிளீவ்ஸ் சீமையின் ஆன், பின்னதற்கு ஈக்வடார். வாசகர் அதற்குள் பொறுமை இழந்திருக்கக் கூடும்.)

இந்தப் பொது அறிவுப் போட்டிக்கு மூலகாரணம் வீண் தர்க்கமே. நாலு பேர் கூடி உண்ணும் இடத்தில் அபிப்பிராய பேதம் எழுவது சகஜம். அந்தப் பேதம் ருசியைப் பற்றியதாக இருந்தால் விடிய விடியப் பேசலாம், ஆனால் உண்மையைப் பற்றியதாக இருந்துவிட்டால் யாராவது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 1951-ஆம் ஆண்டில் கின்னஸ் மதுபான ஆலையின் நிர்வாக இயக்குநராக இருந்த சர் ஹியூ பீவர், அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு ஜில்லாவில் வேட்டைக்குச் சென்றபோது, தங்க உப்புக்கொத்தி என்ற பறவையைக் குறிவைத்துத் தவறவிட்டார்; ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளுள் அதிவேகமாகப் பறப்பது அதுதானா என்று அன்று மாலை நண்பர்களிடையே விவாதம் எழுந்தது; தங்கியிருந்த மாளிகையில் இருந்த எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் முடிவு காண இயலவில்லை. தம்முடைய மதுவை அருந்திக்கொண்டு நாடெங்கும் மதுச்சாலைகளில் ஒவ்வோர் இரவும் ஜனங்கள் இதே போன்ற வழக்குகளை நடத்திக்கொண்டிருப்பார்களே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையின்படி நாரிஸ், ராஸ் மக்விர்டர் என்ற இரட்டைச் சகோதரர்களைக் கொண்டு தொகுக்கச் செய்து 1955-இல் வெளியிட்ட 198 பக்கப் புத்தகம், அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பிரிட்டனில் மிக அதிகமாக விற்கும் நூல் என்ற ஸ்தானத்தைப் பிடித்துவிட்டது. இன்று நம் ஊரில் நகம் வளர்ப்பவரும் பின்னோக்கி நடப்பவரும் இடம்பெறத் தவம் கிடக்கும் அந்தக் கின்னஸ் புத்தகம், மதுச்சாலைச் சண்டையைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே.

தர்க்கத்தைத் தீர்க்கப் புத்தகம் வந்தபின், தர்க்கத்தையே ஒழுங்குபடுத்தி ஓர் ஆட்டமாக்கும் ஏற்பாடும் வலுப்பெற்றது. லிவர்பூல் நகரைச் சூழ்ந்த மெர்சிசைடு பகுதியில் 1959-ஆம் ஆண்டு வாக்கிலேயே வினாடி வினா லீக்குகள் நடந்தன. 1976-இல் ஷரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர், வியாபாரம் மந்தமாக இருக்கும் இரவுகளில் மதுச்சாலைக்கு ஆளைக் கூட்டுவதற்கென்றே வினாக்களைத் தயாரித்து அனுப்பும் தொழிலைத் தொடங்கிய பிறகு, இந்த வழக்கம் தென் இங்கிலாந்தில் வேரூன்றி நாடெங்கும் பரவியது. தொலைக்காட்சியும் இதற்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது. கல்லூரி மாணவர் மோதும் ‘யூனிவர்சிட்டி சாலஞ்ச்’ 1962-லும், கறுப்பு நாற்காலியில் ஒருவரைத் தனியே அமர்த்தி வினாக்களைத் தொடுக்கும் ‘மாஸ்டர்மைண்ட்’ 1972-லும் தொடங்கின. பின்னதைக் கற்பனை செய்த பில் ரைட் என்பவர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாகச் சிக்கி விசாரணைக்கு ஆளானவர். இருட்டறையில் ஒற்றை விளக்கின் கீழ் கேள்விமேல் கேள்வியாக எதிர்கொண்ட அந்த அனுபவமே பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் கண்டு களித்த கேளிக்கையாக உருமாறிற்று. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி விடையைக் கத்தியவர்களுக்கு, மனிதர் காதில் விழும்படி கத்த ஓர் இடம் வேண்டாமா?

மதுச்சாலை வினாடி வினாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் செலுத்திவிட்டுக் குழுவாக அமர்ந்து, விடைகளைத் தாளில் எழுதி, பக்கத்து மேஜையாருடன் தாளை மாற்றித் திருத்திக்கொள்ளும் சாதாரண வினாடி வினா இரவு. மற்றொன்று லீக், இதுதான் சிரத்தையுள்ளவர்களின் துறை. கால்பந்தாட்டத்தில் உள்ளது போலவே இதிலும் பருவம் உண்டு, அட்டவணை உண்டு, சொந்த ஊர் ஆட்டமும் வெளியூர் ஆட்டமும் உண்டு. விதிகள் ஊருக்கு ஊர் மாறினாலும், அணிக்கு நால்வர் என்பது பரவலான வழக்கம். ஒவ்வொருவருக்கும் முறைவைத்து ஒரு வினா வரும். தன்னந்தனியாக விடை சொன்னால் இரண்டு புள்ளி, தோழர்களைக் கலந்துகொண்டு சொன்னால் ஒன்று, எல்லோரும் கைவிட்டால் எதிரணிக்கு அந்த வினா போய்ச் சேரும். அன்று ஆடாத அணியோ பொதுவான ஒருவரோ தயாரித்த வினாக்கள் ஒட்டிய உறையில் வந்து இறங்கும். இடைவேளையில், விருந்தளிக்கும் மதுச்சாலையார் ரொட்டித் துண்டுகள் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். வினாக்களின் தரத்தைவிட இந்தத் தட்டின் தரத்தைப் பற்றியே சில ஊர்களில் அதிகம் பேசிக்கொள்வார்கள் என்பது பிரசித்தம்.

இரண்டு புள்ளிக்கும் ஒரு புள்ளிக்கும் இடையில்தான் ஆட்டத்தின் நாடகம் முழுவதும் இருக்கிறது. தெரியும் என்று தோன்றுவது வேறு, தெரிந்திருப்பது வேறு. விடை நாவின் நுனியில் நிற்க, தோழரை நோக்கித் திரும்புவதா, துணிந்து சொல்லிவிடுவதா என்று ஒரு மனிதர் தவிக்கும் சில விநாடிகளில் அவருடைய சுபாவம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். மேலும், நல்ல அணி என்பது நான்கு மகா பண்டிதர்களின் கூட்டமல்லவென்பது அனுபவஸ்தர்களின் தீர்மானம். சரித்திரமும் பூகோளமும் கரைத்துக் குடித்த நால்வர் சேர்ந்தால், சென்ற ஆண்டுப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது எது என்ற கேள்வியில் நால்வரும் ஒருசேர விழுவார்கள். அந்நேரத்தில், மாலைதோறும் தொடர் நாடகம் பார்க்கும் ஒரு பெண்மணி ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஒருவரைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்தவராகிறார்.

என்னைக் கேட்டால், விடை சொல்பவரைவிட வினாவை அமைப்பவருக்கே அதிக பாராட்டு உரியது என்பேன். வினாவுக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்ற நியதி கேட்பதற்கு எளிது, கைக்கொள்வதற்கு மகா கஷ்டம். உலகிலேயே நீளமான நதி எது என்று கேட்டுவிட்டால் நைல் கட்சியும் அமேசான் கட்சியும் அன்றிரவு வீடு திரும்பா. உலகமோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2006-இல் வானியல் சங்கத்தார் புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கியபோதும், 2011-இல் தென் சூடான் பிரிந்து போனதால் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு என்ற பெருமை சூடானிடமிருந்து அல்ஜீரியாவுக்குக் கைமாறியபோதும், எண்ணற்ற வினாத்தாள்கள் ஒரே நாளில் காலாவதியாயின. கஸகஸ்தானின் தலைநகரமோ 1997-இல் அல்மாட்டியை விட்டு வேறு நகரத்துக்குப் போய், அந்நகரமும் அஸ்தானா என்றும், 2019-இல் நூர்சுல்தான் என்றும், 2022-இல் மறுபடி அஸ்தானா என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வினாக்காரர்களின் பிராணனை வாங்கியது.

நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது (1337 முதல் 1453 வரை, 116 ஆண்டு), ருஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் நாட்காட்டியின்படி எந்த மாதத்தில் நிகழ்ந்தது (நவம்பர்) என்ற பொறி வினாக்களுக்கு முதல் தடவை கேட்கும்போது ஒரு சுவை உண்டு. இரண்டாம் தடவை அது போய்விடும். உயர்ந்த வினா என்பது, விடை தெரியாதவரும் யோசித்துக் கிட்டே போகக்கூடியதாக இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராயுள்ள ஆப்பிரிக்க நாடுகளுள் ஸ்பானிய மொழியை ஆட்சிமொழியாகக் கொண்டது எது என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாகத் தெரியாதவரும், ஸ்பெயின் தேசம் அந்தக் கண்டத்தில் எங்கெங்கே குடியேற்ற ஆட்சி நடத்திற்று என்று நினைவைத் துழாவி, மெல்ல மெல்ல ஈக்வடோரியல் கினிக்கு வந்து சேரலாம். ஐ.நா. உறுப்பினர் என்ற அடைமொழியை விட்டுவிட்டால், ஸ்பானிய மொழி புழங்கும் மேற்கு சகாராவைத் தனி நாடாகக் கொள்வோர் எழுந்து ஆட்சேபம் தெரிவிப்பார்கள். வினாக்காரரின் சாமர்த்தியம் அந்த அடைமொழியில்தான் இருக்கிறது.

வினாத்தாளுக்காகப் பிறர் நூலைப் புரட்டுவோருக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு சுவையான பாடம். ஃப்ரெட் வொர்த் என்பவர் 1970-களில் பொது அறிவுத் துணுக்குகளை ஒரு கலைக்களஞ்சியமாகத் தொகுத்தபோது, யாரேனும் திருடினால் கண்டுகொள்ளலாம் என்ற எண்ணத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ‘ஃபிலிப்’ என்று தம் கற்பனையாக ஒரு பொய்யை நட்டு வைத்தார். மாண்ட்ரியல் நகரத்துப் பத்திரிகைக்காரர்களான கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் இருவரும் 1979-இல் யோசித்து உருவாக்கிய ‘ட்ரிவியல் பர்ஸ்யூட்’ என்ற வினாப் பலகை ஆட்டம், 1984-இல் ஓராண்டுக்குள் இரண்டு கோடிப் பெட்டிகள் விற்குமளவுக்குப் பித்தாக மூண்டது. அதன் அட்டைகளில் ஒன்றில் அந்தக் கற்பனை ஃபிலிப் உட்கார்ந்திருந்தார். வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அவருடைய நூலைப் பார்த்ததை மறுக்கவில்லை. பல நூல்களைப் பார்த்தோம், அதுவும் ஒன்று என்றார்கள். உண்மைகள் எவருக்கும் சொந்தமல்ல, அவற்றைச் சொல்லும் வார்த்தைகளுக்கும் அடுக்கிய முறைக்கும் மட்டுமே உரிமை உண்டு என்று கூறி நியாயஸ்தலம் வழக்கைத் தள்ளியது. 1987-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. நட்ட பொய்யால் நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. பொய் மட்டும் பல காலம் வினாத்தாள்களில் உலாவிற்று.

பரிசு பெருகினால் இந்த ஆட்டம் கெட்டுப்போகிறது என்பதற்குச் சரித்திரத்தில் அத்தாட்சி உண்டு. 1956-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ட்வென்டி ஒன்’ போட்டியில் சார்லஸ் வான் டோரன் என்ற இளம் ஆசிரியரை நாடே கொண்டாடியது. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற எதிராளி, தமக்கு நன்கு தெரிந்த ‘மார்ட்டி’ என்ற திரைப்படத்தின் பெயரையே தயாரிப்பாளர் கட்டளைப்படி தவறாகச் சொல்லித் தோற்க நேர்ந்தது. விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன என்பதை வான் டோரன் 1959-இல் காங்கிரஸ் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். நம் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சிக்கு மூலமான பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் பத்து லட்சம் பவுன் பரிசுக்கு விடையளித்த ராணுவ மேஜர் சார்லஸ் இங்கிராமோ, கூட்டாளியின் இருமலைச் சமிக்ஞையாகக் கொண்டார் என்று 2003-இல் குற்றவாளியாகத் தீர்ப்பானார்; தாம் நிரபராதி என்றே அவர் இன்றளவும் சாதித்து வருகிறார். மதுச்சாலை லீக்கில் கிடைப்பதோ ஒரு சிறு கோப்பை, அதுவும் ஓராண்டு வைத்திருந்து திருப்பித் தர வேண்டியது. அதற்காகப் பொய் சொல்வது கட்டுபடியாகாத காரியம்.

கைத்தொலைபேசி வந்தபின் இந்த நாணயத்துக்குச் சோதனை வந்தது மெய்தான். மேஜையின் கீழ் விரலை ஓட்டி விடை தேடுபவர் உண்டு. அதைத் தடுக்கப் படங்களையும் பாட்டுத் துணுக்குகளையும் வினாவாக்குகிறார்கள், விரைந்து படித்துவிட்டு விரைந்து தாளை வாங்குகிறார்கள். ஆயினும் 2020-இல் கொள்ளை நோய்க்கு அஞ்சி மதுச்சாலைகள் அடைபட்டபோது, லங்காஷயரைச் சேர்ந்த ஜே ஃப்ளின் என்ற முன்னாள் மதுச்சாலைக்காரர் தம் நண்பர்களுக்காக இணையத்தில் ஏற்பாடு செய்த வினாடி வினாவுக்கு லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். ஏமாற்ற எல்லா வசதியும் இருந்த அந்தப் போட்டியில், ஏமாற்றி வெல்வதற்கு எதுவுமே இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் கலை மதுச்சாலை வழியாக வரவில்லை. 1967-இல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்துக் கூடத்தில் நீல் ஓ’பிரையன் நடத்திய பொதுப் போட்டியே இங்கே முதலாவது என்பார்கள். ஆகையால் நம் ஊர்க்காரருக்கும் வாசகசாலையோ பள்ளிக்கூடத் திண்ணையோ போதும். அணிக்கு நால்வராக எண்மரைத் திரட்டி, எட்டுச் சுற்றுக்கு 64 வினாக்களை ஒருவர் எழுதி வரட்டும். அவர் தாளில் உள்ளதே இறுதி என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். அவரும் தம் பங்குக்கு ஒவ்வொரு விடையையும், ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு நூல்களிலாவது ஒத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.