வாழையில் எந்த இலையை ஆய்வுக்கு அனுப்புவது?

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் வாழை வைத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தாலே சிறுமலை தெரியும். புவிசார் குறியீடு பெற்ற அந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் ஒரு காலத்தில் துடைத்தெடுத்தது. பழநி கீழ்மலையிலும் அதே கதைதான். நோயில்லாத தாய்மரங்களை ஆய்வில் கண்டுபிடித்து, திசு வளர்ப்பில் கன்று உண்டாக்கி மறுபடி நட வேண்டியிருந்தது.

இயற்கை உழவர்கள் நாம் பெரும்பாலும் தெரிந்தவர் தோட்டத்தில் பக்கக்கன்று எடுத்துத்தான் நடுகிறோம். நல்ல பழக்கம். ஆனால் இந்த வைரஸ் ஊர் விட்டு ஊர் போவதும் கன்று வழியாகத்தான். தோட்டத்துக்குள் பரப்புவது வாழை அசுவினி. அது வைரஸை ஏற்றிய பிறகு அறிகுறி தெரிய ஒரு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். அதுவரை மரம் பார்க்க ஜோராக இருக்கும். பத்து தூரிலிருந்து கன்று எடுக்கப் போகிறோம் என்றால், அந்தத் தாய்மரங்களை முன்கூட்டியே சோதித்துவிடுவது நல்லது.

பலரும் காய்ந்து மஞ்சளான அடி இலையை அறுத்துக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அதில் விடை கிடைக்காது. இலை தயாரித்த உணவு இறங்கும் குழாய்த் திசுவில்தான் (புளோயம் என்பார்கள்) இந்த வைரஸ் வாழும். அதன் வழியே தண்டின் அடிக்கு இறங்கி, அதன்பின் உருவாகும் குருத்துக்கும் கன்றுக்கும் ஏறும். முன்பே விரிந்த இலையில் அது இல்லாமலே போகலாம். ஆகவே குருத்தை ஒட்டி கடைசியாக விரிந்த இலையை எடுங்கள். அதிலும் இலைப்பரப்பு அல்ல, நடுநரம்பும் மட்டையும்தான் முக்கியம். ஒரு சாண் துண்டு போதும். வெட்டுமுன் மட்டையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய தந்தி மொழி மாதிரி கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக இருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

இந்த நோய் அரிவாள் வழியாகத் தொற்றாது. ஆனாலும் ஒவ்வொரு தூருக்கும் கத்தியைக் கழுவித் துடையுங்கள். பிசிஆர் சோதனை துளியூண்டு வைரஸையும் காட்டிவிடும். முந்தைய மரத்தின் சாறு ஒட்டியிருந்தால் நல்ல மரத்துக்குக் கெட்ட பேர். துண்டில் அசுவினி இருந்தால் தட்டிவிடுங்கள். தண்ணீர் தெளிக்காமல் செய்தித்தாளில் சுற்றி, பிறகு கவரில் போடுங்கள். நேரடியாக பிளாஸ்டிக்கில் அடைத்தால் வேர்த்து அழுகிவிடும். ஃப்ரீசரும் வேண்டாம். வார இறுதியில் அனுப்பினால் லீவு நாளில் கிடந்து வாடும். திங்கள், செவ்வாயில் கிளப்புங்கள். தூர் எண், ரகம், ஊர், தேதி, பார்த்த அறிகுறி எல்லாம் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடும். அதே எண் மரத்திலும் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு வந்தும் எந்த மரம் என்று தேடுவோம்.

மதுரை வேளாண்மைக் கல்லூரியில் முதலில் காட்டி யோசனை கேட்கலாம். வைரஸ் சோதனைக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போன் போட்டு, எவ்வளவு மாதிரி, என்ன கட்டணம் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

'நோய் இல்லை' என்று வந்தால் அது அன்றைய தேதிக்கான இருப்பு மட்டுமே. பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி. மறுநாளே அசுவினி வரலாம். கன்று எடுக்கும் சமயத்தில் சோதிப்பதுதான் பயன். 'உண்டு' என்று வந்தால் தூரையே எடுத்துவிட வேண்டும். முதலில் வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலைக் குருத்திலும் மட்டை இடுக்கிலும் அடியிலும் நனைய அடித்து அசுவினியைக் கொல்லுங்கள். அப்படியே வெட்டினால் அவை பக்கத்து மரத்துக்குக் குடிபோகும். பிறகு கிழங்கோடு தோண்டித் துண்டுதுண்டாக்குங்கள். கிழங்கு கொஞ்சம் மிஞ்சினாலும் நோயோடு துளிர்க்கும்.