வெப்பமும் ஆயுளும்: முதிர்ந்த கிராபிக்ஸ் அட்டையைப் பேணும் முறை

பாடசாலைக் கணினிக்கூடங்களிலும் பழைய மாணவர் பலருடைய இல்லங்களிலும் பத்தாண்டு கடந்த கணினிகள் இன்றும் தொழிற்பட்டு வருகின்றன. அவற்றின் உறுப்புகளுள் வெப்பத்தால் மிக வாடுவது கிராபிக்ஸ் அட்டையாகும். படம் நடுவே உறைந்து நிற்றல், திரையிலே வேண்டாத புள்ளியும் கோடும் தோன்றல், விசிறி ஓயாது இரைதல், கணினி தானாகவே அணைந்துவிடுதல் ஆகியன அதன் நோய்க்குறிகள். இவற்றைக் கண்டவுடனே, "இனி இஃது உதவாது" என ஒதுக்கிவிடுதல் வழக்கமாய்விட்டது. ஆயின், 2022ஆம் ஆண்டிலே இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியுற்ற பின்னர், இறக்குமதிப் பொருளாகிய புதிய அட்டையொன்றை வாங்குதல் குடும்பத்துக்கும் பாடசாலைக்கும் பெருஞ்சுமையாயிற்று. ஆதலின், பழைய அட்டை உண்மையிலேயே பழுதுற்றதா, அன்றிப் பேணுவாரின்றித் தளர்ந்து கிடக்கின்றதா என ஆராய்ந்தறிதல் வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வெப்பம் பிறக்குமாறு

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமுமுடைய திரையொன்றிலே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் செக்கனுக்கு அறுபது முறை கணித்து அனுப்புதல் இவ்வட்டையின் கடமை. எடுத்துக்காட்டாக, 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த என்விடியா ஜீபோர்ஸ் 8800 ஜீ.ரீ. என்னும் அட்டையை நோக்குவோம். பெருவிரல் நகத்தினுஞ் சற்றே பெரிதாகிய அதன் சிலிக்கன் சில்லிலே 75 கோடிக்கு மேற்பட்ட திரான்சிற்றர்கள் அடங்கியுள்ளன. முழு வேலையிலே அவ்வட்டை ஏறக்குறைய 105 உவாற்று வலுவை உட்கொள்ளும். உட்கொண்ட வலு முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். பழைய நூறு உவாற்று மின்குமிழைக் கையால் தொட்டறிந்தவர்கள், அத்துணை வெப்பம் ஒரு சிறு சில்லிலே திரள்வதன் கடுமையை எளிதில் உணர்வர்.

இவ்வெப்பம் சில்லிலிருந்து களிம்புக்கும், களிம்பிலிருந்து உலோகத் தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து விசிறி வீசும் காற்றுக்கும், அக்காற்றோடு பெட்டியின் புறத்துக்கும் செல்லுதல் வேண்டும. இந்நெறியில் எவ்விடத்திலேனும் தடையுண்டாயின் சில்லின் வெப்பநிலை உயரும். ஆகவே, அட்டையைப் பேணுதலென்பது இந்நெறியைத் தடையின்றி வைத்திருத்தலேயன்றி வேறன்று.

முதலில் அளந்தறிக

ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருளொன்றால் அட்டையின் வெப்பநிலையைக் கணினித் திரையிலேயே காணலாம். வேலையின்றி இருக்கும்போதும், கால் மணிநேரம் கடும்வேலை செய்த பின்னரும் அதனை அளந்து ஒரு கொப்பியிலே திகதியிட்டு எழுதுக. அறையின் வெப்பநிலையையும் உடனெழுதுதல் இன்றியமையாதது. அறை 32 பாகையாக இருக்கையில் அட்டை 80 பாகை காட்டுதலும், அறை 24 பாகையாக இருக்கையில் அதே 80 பாகை காட்டுதலும் ஒன்றல்ல. முன்னதில் வேறுபாடு 48 பாகை. பின்னதில் 56 பாகை. இவ்வேறுபாடு ஆண்டுக்காண்டு பெருகுமாயின், குளிர்விக்கும் ஆற்றல் குன்றுகின்றதென்று அறிக. கடும்வேலையிலே 80 பாகைக்குட்பட்டிருப்பின் பொதுவாகக் கவலையில்லை. 90 பாகையைத் தாண்டின் காலந்தாழ்த்தலாகாது.

தூசு நீக்கல்

செம்மண் பூமியிலே காற்றோடு வரும் நுண்தூசு, தகடுகளின் இடைவெளிகளிற் படிந்து கம்பளிபோல் மூடிவிடும். கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, கையால் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே அட்டையை வெளியே எடுத்தல் வேண்டும். மென்மையான தூரிகையாலும் காற்றூதியாலும் தூசை நீக்குக. ஊதும்போது விசிறியின் அலகுகளை விரலாற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். அன்றேல் அளவுக்கு மிஞ்சிச் சுழன்று அதன் தாங்கி பழுதடையும். ஈரத்துணியை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தலாகாது. பல அட்டைகளுக்கு இச்சிகிச்சை ஒன்றே போதுமானது.

களிம்பு மாற்றல்

தூசு நீக்கியும் வெப்பந் தணியாதாயின் களிம்பை நோக்குக. கடைகளிலே இது "தேர்மல் பேஸ்ற்" என வழங்கும். சில்லும் உலோகமும் பார்வைக்கு ஒப்பரவாகத் தோன்றினும் அவற்றிடையே நுண்ணிய பள்ளங்கள் உள. அவற்றிலே காற்று நிற்கும். வெப்பக் கடத்துதிறனைக் குறிக்கும் அலகிலே செம்பு ஏறக்குறைய 400 ஆகவும், நல்ல களிம்பு 4 முதல் 12 வரையாகவும் இருக்க, காற்றோ 0.026 மாத்திரமே. களிம்பின் பணி அக்காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புதல். செம்புக்கு அது நிகராகாதாகலின் மெல்லிய படலமாகவே இருத்தல் வேண்டும். மிகுதியாகப் பூசுவதாற் பயனில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்லக் களிம்பு உலர்ந்து வெடிக்கும். அதனை மாற்றுவோர், குளிர்விப்பானின் திருகாணிகளை மூலைக்கு மூலை மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் வேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பின் இழுத்துப் பிடுங்காது மெல்லத் திருப்பி எடுக்க. விசிறியின் மின்கம்பி அட்டையோடு இணைந்திருப்பதையும் மறவற்க. பழைய களிம்பை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்ந்த துணியால் துடைத்து, நன்குலர்ந்தபின் பயற்றம்பருப்பிற் சற்றுப் பெரிதான புதுக்களிம்பை நடுவிலே இடுக. நினைவகச் சில்லுகளின்மேல் மெத்தைபோன்ற பட்டைகள் இருக்கும். அவை கிழிந்திருப்பின் அதே தடிப்புள்ளவற்றையே இடல் வேண்டும். தடிப்பு மிகின் குளிர்விப்பான் நடுச்சில்லிலே சரிவரப் பொருந்தாது.

விசிறியும் வேலைச்சுமையும்

விசிறி முனகுதல் அதன் தாங்கியில் எண்ணெய் வற்றியதைக் காட்டும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி சில விசிறிகளுக்குச் சிலகாலம் உதவும். தேங்காய் எண்ணெய் இறுகிப் பிசினாகுமாதலின் ஆகாது. நிலையான பரிகாரம் விசிறியை மாற்றுதலே. கணினிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காது, முன்புறத்தால் காற்று புகவும் பின்புறத்தால் வெளியேறவும் வழிவிடுதலும் வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றுதல் ஒரு வழி. குறைவாகப் பிறப்பித்தல் மற்றொரு வழி. சில்லு உட்கொள்ளும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் மீடிறனுக்கும் ஏறக்குறைய நேர்விகிதசமமானது. இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பின், வலு நூற்றுக்கு 73 அளவாகும். வேகத்திலே பத்திலொரு பங்கை இழந்து வெப்பத்திலே நாலிலொரு பங்குக்கு மேல் மிச்சம்பிடிக்கலாம். அட்டை இடங்கொடுக்குமாயின் எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் என்னும் மென்பொருளால் இதனைச் செய்யலாம். செக்கனுக்கு 60 படங்களுக்கு மேல் வரையாதபடி வரம்பிடுதலும் இத்தகையதே.

செய்யத்தகாத சிகிச்சை

இறந்த அட்டையைச் சமையலறைச் சூட்டடுப்பிலே இட்டு உயிர்ப்பிக்கலாமென்னும் ஒரு கதை வழங்குகின்றது. அது தவறு. சில்லு சூடேறும்போதும் ஆறும்போதும், சிலிக்கன் விரிவதினும் அதன் அடிப்பலகை பன்மடங்கு விரிந்து சுருங்கும். இதனால் இடையிலுள்ள நுண்ணிய பற்றாசு மூட்டுகள் காலப்போக்கில் வெடிக்கின்றன. 2008ஆம் ஆண்டு யூலையிலே என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளிற் பொருத்திய தன் சில்லுகள் சிலவற்றில் இணைப்புப் பொருள்களின் நலிவாற் பழுது நேர்வதாக அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்க நேர்ந்தது. ஈயமற்ற பற்றாசு ஏறக்குறைய 217 பாகையிலேயே உருகத் தொடங்கும். அதனிற் குறைந்த சூட்டிலே வாட்டிய அட்டை சிலநாள் இயங்கினும், வெடிப்பு ஆறுவதில்லை; மின்கொள்ளளவிகள் கெடும்; உணவு சமைக்கும் அடுப்பிலே நச்சாவியும் படியும். குளிர்ந்த நிலையிலே இயக்கிய உடனேயே திரையிற் கோடுகள் தோன்றின், வேறொரு கணினியிலும் இட்டுப் பார்த்து, ஆண்டும் அவ்வாறேயாயின் அவ்வட்டையை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தலே முறை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

கல்லூரிக்குக் கணினிகளை அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களின் வள்ளன்மை போற்றத்தக்கது. ஆயினும், பெற்ற கணினி தூசு மூடிச் சில ஆண்டுகளில் மூலையிற் கிடக்குமாயின் அவ்வன்பளிப்பு முழுப்பயன் தராது. கணினியோடு ஒரு காற்றூதி, சில தூரிகைகள், களிம்புக் குழாய், மாற்று விசிறிகள் என்பவற்றையும் அவர்கள் வழங்குவராயின் மிக நன்று. தவணைக்கொரு முறை உயர்தர வகுப்பு மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையிலே தூசு நீக்கி, வெப்பநிலையைக் கொப்பியிலே பதிந்துவருவாராயின், கணினிகளும் நீடித்திருக்கும். மாணவர்க்குப் பௌதிகவியலும் கைவேலையாகவே விளங்கும்.