காரில் ஏறியவனும் ஏறாதவர்களும்

துப்பறியும் கதை படிப்பவர்களுக்குப் பொதுவாக இருக்கும் ஆவல், கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்வது ஒன்றே. அது தெரிந்தவுடன் புஸ்தகத்தை மூடிவிட்டு வேறு காரியத்தைக் கவனிக்கப் போய்விடலாம். அமெரிக்க எழுத்தாளர் டெனிஸ் லெஹேன் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மிஸ்டிக் ரிவர்' நாவலையும், அதை ஆதாரமாகக் கொண்டு கிளின்ட் ஈஸ்ட்வுட் 2003-இல் எடுத்த திரைப்படத்தையும் அப்படி மூடி வைக்க முடிவதில்லை. கொலை செய்தவர்கள் யார் என்று தெரிந்த பிறகே நம் நெஞ்சில் பாரம் ஏறுகிறது. ஆகையால் முடிவை மறைக்காமலே எழுதுகிறேன். தெரிந்து படிப்பதனால் இந்தக் கதையின் பலம் குறையாது என்பது என் அபிப்பிராயம்.

பாஸ்டன் நகரத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் ஒரு பகுதியில், 1975-ஆம் ஆண்டு, ஜிம்மி, ஷான், டேவ் என்ற மூன்று சிறுவர்கள் தெருவில் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நடைபாதையில் இன்னும் காயாத சிமெண்டைக் கண்டதும், எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தோன்றுகிற ஆசை அவர்களுக்கும் தோன்றுகிறது. ஒருவர் பின் ஒருவராகத் தம் பெயரைக் கீறுகிறார்கள். டேவ் முதல் இரண்டு எழுத்துக்களைத் தாண்டுவதற்குள் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவன் போலீஸ்காரனைப் போல் அதட்டி, மூவரின் வீடும் எங்கே என்று விசாரித்து, வீடு அருகில் இல்லாத டேவை மட்டும், தாயாரிடம் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக் காரில் ஏறச் சொல்கிறான். பெரியவர்கள் சொன்னால் கீழ்ப்படிய வேண்டும் என்று வளர்ந்த குழந்தை ஏறிவிடுகிறது. ஒரு நிலவறையில் நான்கு நாட்கள் சித்திரவதைப்பட்டுத் தப்பி ஓடிவரும் அந்தக் குழந்தையைப் பிறகு ஊர் பரிதாபத்தோடு பார்க்கிறதே ஒழிய, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார் இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் போகின்றன. ஜிம்மி சிறைக்குப் போய்த் திரும்பிக் கடை வைத்திருக்கிறான். ஷான் போலீஸ் இலாகாவில் கொலை வழக்குகளைத் துப்பறிபவன். டேவ் மனைவியோடும் மகனோடும் அதே வட்டாரத்தில் காலம் தள்ளுகிறான். அறுந்துபோன அந்தச் சிநேகிதம், ஜிம்மியின் பத்தொன்பது வயது மகள் கேட்டி ஓர் இரவு கொலையுண்டபோது, மிகக் கொடிய வகையில் மறுபடி முடிச்சுப் போடப்படுகிறது. அதே இரவில் டேவ் கையில் காயமும் உடம்பெல்லாம் இரத்தமுமாக வீடு திரும்பி, வழிப்பறிக்காரன் ஒருவனோடு சண்டையிட்டதாக மனைவி செலஸ்டிடம் சொல்கிறான்.

இந்தத் தம்பதிகளிடையே நடப்பதுதான், என் கருத்தில், கதையின் உயிர்நிலை. முதலில் அவள் அவனை நம்புகிறாள். நம்பிக்கொண்டே, அடிபட்டு விழுந்தவனைப் பற்றிப் பத்திரிகையில் ஏதேனும் செய்தி உண்டா என்று தேடுகிறாள், அது கிடைக்கவில்லை. ஒரு நாள் இருட்டில் டெலிவிஷனில் இரத்தக் காட்டேரிப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த டேவ், ஆயுளிலேயே முதல் தடவையாக அந்த நிலவறையைப் பற்றி வாய் திறக்கிறான். அங்கிருந்து வெளியே வந்தவன் தான் அல்ல, வேறு யாரோ என்கிறான். கால் நூற்றாண்டு அடைபட்டிருந்த துக்கம் தட்டுத் தடுமாறி வார்த்தையாகும் அந்தக் கணத்தில், கேட்டுக்கொண்டிருப்பவளின் காதில் அது கொலைகாரனின் ஒப்புதலாக விழுகிறது. கணவன் மீது அவளுக்கு அன்பில்லாமல் இல்லை; ஆனால் காயம்பட்ட மனம் பேசும் பாஷையை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவள் ஜிம்மியிடம் போய்த் தன் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறாள்.

வைத்திய சாஸ்திரமே இதில் வெகு காலம் ஊமையாகத்தான் இருந்தது. கொடிய அனுபவத்துக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் இந்த நோய்க்கு அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் தனிப் பெயர் ஏற்பட்டது 1980-இல். டேவ் காரில் ஏறியதோ 1975-இல். அந்தப் பெயருங்கூடப் பெரும்பாலும் வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் துன்பத்தை முன்னிட்டு வந்ததுதான். வீட்டிலும் தெருவிலும் சீரழிக்கப்பட்டவர்களின் வேதனையும் யுத்தத்தில் சிதைந்தவர்களின் வேதனையும் ஒரே இனம் என்று, பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜூடித் ஹெர்மன் என்ற மனநல வைத்தியர் 1992-இல் ஒரு நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். லெஹேன் பாஸ்டனிலேயே பிறந்தவர். எழுத்தாளராவதற்கு முன் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர். டேவின் பேச்சிலுள்ள தடுமாற்றம் இவ்வளவு மெய்யாக இருப்பதன் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊரில் குழந்தைகளுக்குச் சில பாதிரிமார்கள் இழைத்த கொடுமையும், அதைத் திருச்சபை மேலிடம் மறைத்துவந்ததும், 'பாஸ்டன் குளோப்' பத்திரிகையின் வாயிலாக 2002-இல் அம்பலமாயின. நாவல் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது.

ஆற்றங்கரையில் ஜிம்மி டேவை மடக்கி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிரோடு விடுவதாக வாக்களிக்கிறான். அன்று காரில் வந்தவனின் சொல்லை நம்பிய டேவ், இன்று சிநேகிதனின் சொல்லையும் நம்பி, செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்கிறான். ஜிம்மி அவனைக் கொன்று மிஸ்டிக் ஆற்றில் தள்ளிவிடுகிறான். கேட்டியைக் கொன்றவர்கள் வேறு இரண்டு பையன்கள் என்பதை ஷான் வந்து சொல்லும்போது பொழுது விடிந்துவிட்டது. டேவ் அன்றிரவு அடித்துக் கொன்றது, ஒரு சிறுவனைக் காரில் வைத்துக் கெடுத்துக்கொண்டிருந்த ஒருவனை. அதை அவன் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். நண்பன் ஷானிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு நாட்கள் என்ன நடந்தது என்று இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருமுறையேனும் கேட்காத நண்பர்களிடம் அவன் எப்படிச் சொல்லுவான்? மூவருமே அன்று அந்தக் காரில் ஏறிவிட்டதாகவும், இன்னும் அந்த நிலவறையில் கிடப்பதாகவும் சில சமயம் தனக்குத் தோன்றுவதாகக் கடைசியில் ஷான் சொல்கிறான். சொல்வது மெய்தான், டேவ் கேட்க முடியாத காலத்தில் சொல்கிறான்.

ஜிம்மியாக நடித்த ஷான் பென்னுக்கும் டேவாக நடித்த டிம் ராபின்ஸுக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. 2004 பிப்ரவரி 29 அன்று பரிசைப் பெற்றுக்கொண்ட ராபின்ஸ், இத்தகைய கொடுமைக்கு ஆளானவர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், உதவி நாடுவதில் வெட்கமும் இல்லை, பலவீனமும் இல்லை என்று அவர்களைப் பார்த்து அந்த மேடையிலேயே சொன்னார்.