பல்லுக்குக் கம்பி: முப்பது தாண்டியும் போடலாமா?



கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது, சரியாக அந்த நேரம் பார்த்து முந்தானையை வாயருகே இழுத்துக்கொள்ளும் ஒருவர் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இருப்பார். அது உங்கள் தாத்தாவாக இருக்கலாம், மச்சியாக இருக்கலாம், நீங்களாகவே கூட இருக்கலாம். "சின்ன வயசிலேயே கம்பி போட்டிருக்கணும், இனி பிள்ளை குட்டி பெத்த பிறகு என்ன?" என்று உம்மாவோ மாமியோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்துவிடும்.

சிரிக்க வெட்கம் என்பது மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பற்களின் இடுக்கில் பிரஷ் நுழையாது. உணவு தங்கும், காறை படியும், முரசு வீங்கி இரத்தம் வரும். சிலருக்குக் கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கும். ஒரு பக்கமாகவே மென்று தின்று அந்தப் பக்கத்துப் பல் தேய்ந்தவர்களும் உண்டு. இது அலங்காரம் மட்டும் சம்பந்தப்பட்ட காரியமல்ல என்பதை வீட்டில் உள்ள ஆண்களும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எலும்பில் நடப்பது என்ன?

பல்லைத் தாடையில் அடித்த ஆணி போல நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கம்பி மெதுவாக ஒரு பக்கம் அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பை ஒருவகைக் கலங்கள் கரைக்கின்றன. பல் விட்டுப்போன மறுபக்கத்தில் வேறு கலங்கள் புது எலும்பை உண்டாக்குகின்றன. இப்படி மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர் பல் நகரும். எலும்பு உயிரோடு இருக்கும் வரை இந்த வேலை நடக்கும். ஆகவே முப்பது என்ன, ஐம்பதிலும் பல் நகரத்தான் செய்யும்.

வித்தியாசம் வேறு இடத்தில். பிள்ளைகளின் தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் அந்த வளர்ச்சியையே பயன்படுத்தித் தாடையையும் ஓரளவு திருத்தலாம். நமக்கு வளர்ச்சி நின்றுவிட்டது. தாடையே முன்னுக்கோ பின்னுக்கோ அதிகம் இருந்தால் கம்பி மட்டும் போதாது, சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். இடம் போதாவிட்டால் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் உள்ள சிறு பற்களில் இரண்டையோ நான்கையோ பிடுங்கச் சொல்வார்கள். இதைக் கேட்டுப் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். ஏன், எதற்கு என்று கேளுங்கள். பொதுவாக ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டரை வருடம் வரை செல்லும்.

1728இல் பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் தம் நூலில், உலோகப் பட்டையில் நூலால் பற்களைக் கட்டி நேராக்கும் முறையை எழுதிவைத்தார். அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பல் வரிசைக் கோளாறுகளை வகை பிரித்தார். அந்த வகைப்பாடு இன்றும் பாவனையில் உள்ளது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். பல்லின் மேல் நேரடியாக ஒட்டும் வழி கிடைத்த பிறகுதான் சின்னஞ்சிறு வில்லைகள் வந்தன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தயக்கம் பெரும்பாலும் இங்கேதான். அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டதாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதைக் கேள்விப்பட்ட பனூ அஸத் கோத்திரத்து உம்மு யஃகூப் என்ற பெண்மணி, தாம் குர்ஆன் முழுவதும் ஓதியும் இப்படி ஒன்றைக் காணவில்லையே என்று அவர்களிடமே போய்க் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் தந்ததை ஏற்று, தடுத்ததை விட்டும் விலகச் சொல்லும் வசனத்தை எடுத்துக்காட்டி அவர்கள் பதில் சொன்னார்கள். அன்றைய பெண்கள் இப்படித் தைரியமாகக் கேட்டுத் தெளிந்தார்கள். நாமோ பக்கத்து வீட்டில் சொன்னதை வைத்தே முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த ஹதீஸில் "அழகுக்காக" என்ற சொல்லைத்தான் அறிஞர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று விளக்கியிருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதியில் வருகிறது. குறையை நீக்குவது வேறு, நன்றாக இருப்பதை மாற்றுவது வேறு. உங்கள் பல் எந்த வகை என்பதில் சந்தேகமிருந்தால், வைத்தியர் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

எங்கே போவது?

எம்பிலிப்பிட்டியவில் இருப்பவர் முதலில் அங்குள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போகலாம். கம்பி கேட்டு நிற்காமல், சொத்தை அடைக்கவும், காறை எடுக்கவும், முரசு நோயைப் பார்க்கவும் போங்கள். முரசு நோயோடு கம்பி போட்டால் எலும்பு கரைந்து பல்லே ஆடிப்போகும். அங்கிருந்து பல் சீரமைப்பு நிபுணர் இருக்கும் இடத்துக்குக் கடிதம் வாங்கலாம். கொழும்பு வாட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலையும் பேராதனையில் பல் மருத்துவ பீடத்தின் வைத்தியசாலையும் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் சிறுவர்களுக்கே முன்னுரிமை, காத்திருப்போர் வரிசையும் நீளம். பெல்மதுளை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் பஸ்ஸில் போய் வர ஒரு முழுநாள் போய்விடும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட வர ஆள், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். பெண் பல் வைத்தியர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

தனியார் கிளினிக்கில் செலவு இலட்சங்களில் போகும். வில்லையும் கம்பியும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் ரூபாய் விழுந்தபோது அவற்றின் விலையும் ஏறியது. மொத்தத் தொகை எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா, எக்ஸ்ரேயும் பல் பிடுங்குவதும் உடைந்த வில்லையை ஒட்டுவதும் அதில் சேருமா, கடைசியில் போடும் ரிடெய்னர் சேருமா என்று ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மலிவாக முடித்துத் தருகிறோம் என்று அழகு நிலையங்களில் சொன்னால் மட்டும் வாயைத் திறந்து காட்டாதீர்கள். 2017இல் மலேசியாவில், யூடியூப் பார்த்துக் கம்பி போடக் கற்றுக்கொண்டு பதிவில்லாமல் தொழில் செய்த ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. இலங்கையில் பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறீர்களா, நீரிழிவு உண்டா, எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போது முரசு எளிதில் வீங்கும். எக்ஸ்ரேயையும் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

கம்பியோடு வாழ்வது

முதல் மூன்று நான்கு நாள் வலிக்கும். கஞ்சியும் குழைந்த சோறும் தயிரும் போதும். தாங்காவிட்டால் பனடோல் எடுக்கலாம். கம்பி கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள மெழுகு தருவார்கள். முறுக்கு, கரும்பு, பொரித்த கடலை, எலும்பு கடிப்பது எல்லாம் கம்பி கழற்றும் வரை வேண்டாம். வெற்றிலை பாக்கு போடுபவர் இந்தச் சாக்கிலாவது அதை விட்டுவிடட்டும்! வட்டிலப்பம் மிருதுதான், ஆனால் இனிப்பு வில்லையைச் சுற்றித் தங்கினால் கம்பி கழற்றும் நாளில் பல்லில் வெள்ளைத் தழும்புகள் தெரியும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் துலக்க வேண்டும். இடுக்குகளுக்கென்று சின்னப் பிரஷ் இருக்கிறது. மிஸ்வாக் மட்டும் போதாது.

வெளியே தெரியாத கழற்றி மாட்டும் உறைகளும் உண்டு. நாளுக்கு 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், உண்ணும்போது கழற்ற வேண்டும். அடுப்படியில் ருசி பார்த்து, இடையிடையே பிளேன்டீ குடிக்கும் நமக்கு அது சரிவருமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வுழூ பற்றிக் கவலை வேண்டாம். வாய் கொப்பளிப்பது ஷாபிஈ மத்ஹபில் வுழூவிலும் குளிப்பிலும் சுன்னத்தே. ஒட்டிய வில்லை அதற்குத் தடையாகாது. ரமழானில் ஸஹர் உண்டபின் ஸுப்ஹுக்கு முன் கால்மணி நேரம் ஒதுக்கி நன்றாகத் துலக்கிவிடுங்கள். கம்பியில் சிக்கிய உணவு பகலில் வாய்க்கு வந்தால் துப்பிவிட வேண்டும். துப்ப முடிந்தும் தெரிந்தே விழுங்கினால் நோன்பு முறியும். கம்பி இறுக்கும் நாளை நோன்பில்லாத காலத்தில் வைத்துக்கொண்டால் மனதுக்கும் லேசு.

கம்பி கழற்றிய பிறகு தரும் ரிடெய்னரைப் பலர் நாலு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். வைத்தியர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் வருடக் கணக்கில், இரவில் போட வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கொதிநீரில் மட்டும் போடாதீர்கள், வளைந்துபோகும்.