வானம் தோண்டும் முன் வாங்க வேண்டிய அனுமதி

தமிழ்நாட்டில் ஒருவர் தன் சொந்த மனையில் வீடு கட்டுவதற்கும் இரண்டு அனுமதிகள் தேவை. முதலாவது திட்ட அனுமதி. அந்த இடத்தில், அந்த உயரத்தில், அந்தப் பயன்பாட்டுக்குக் கட்டடம் வரலாமா என்பதை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முடிவு செய்வது இது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதற்குப் பொறுப்பு. இரண்டாவது, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள் தரும் கட்டட அனுமதி. சிறிய வீடுகளைப் பொறுத்தவரை திட்ட அனுமதி தரும் அதிகாரமும் உள்ளாட்சியிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பெரும்பாலோர் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் பெற்றுவிடுகிறார்கள். 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தபின், ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாயின.

அனுமதி தாமதமானால் வரைபடத்தில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிக்கல் பெரும்பாலும் நிலத்தில்தான் இருக்கும். விண்ணப்பிப்பவர் பெயரில் கிரையப் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. பட்டாவும் அவர் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். தகப்பனார் பெயரிலேயே பட்டா கிடக்க, பிள்ளை வீடு கட்டக் கிளம்பும் குடும்பங்களில் பெயர் மாற்றத்துக்கே மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. அடுத்து, மனை அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட்டில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப் பிரிவுகள் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் தாராளமாக விற்கப்பட்டன. நகர் ஊரமைப்பு அதிகாரிகளின் ஒப்புதல் இல்லாத அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அப்படி வரன்முறையான மனை என்றால் அதற்கான ஆணையையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.

அளவுப் பொருத்தமும் முக்கியம். பத்திரத்தில் 30க்கு 40 என்று எழுதியிருக்கும். புல வரைபடத்தில் ஒரு பக்கம் 39 அடி என்று வரும். டேப் பிடித்து அளந்தால் பின்புற மூலையில் பக்கத்து வீட்டுச் சுவர் அரை அடி உள்ளே வந்திருக்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. அந்தச் செலவுக்குத் தயங்கித் தொடங்கிவிட்டால் பிற்பாடு மொத்த வரைபடத்தையும் மாற்ற வேண்டி வரலாம்.

மனை சரியாக இருந்தும் அது அமைந்திருக்கும் இடம் தடையாகலாம். ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) வேளாண் நிலம் என்றோ தொழிற்சாலைப் பகுதி என்றோ குறிக்கப்பட்ட இடத்தில் வீடு கட்ட, நிலப் பயன்பாட்டை முதலில் மாற்ற வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். மாமல்லபுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயில் பகுதியிலும் இடம் வாங்குவோர் இதை மறக்கக் கூடாது. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் என்ற உயர வரம்பு உண்டு. கடற்கரையோரம், விமான நிலையச் சுற்றுப்புறம், ஏரிக்கரை ஆகிய இடங்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

இவையெல்லாம் தெளிவான பிறகே வரைபடம். உயர் கட்டடம் அல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது அரை கிரவுண்டாகிய 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். மனை முழுவதையும் சுவர் வைத்து அடைக்க இதில் அனுமதி இல்லை. சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து முன்னும் பின்னும் பக்கங்களிலும் காலியிடம் விட வேண்டும். 30 அடி முகப்புள்ள மனையில் முன்னால் 5 அடி விட்டால் 150 சதுர அடி போகிறது. வீடு கட்டுபவருக்கு மனம் கேட்காதுதான். ஆனால் படுக்கையறைக்கு வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தீப்பிடித்தால் ஏணியும் குழாயும் போக வேண்டிய வழியும் அதுதான். மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் அங்கேதான் இடம். அந்த அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. வரைபடத்தில் அதன் இடத்தையும் காட்ட வேண்டும்.

2024 ஜூலை 22 முதல் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு தளம் என்று இருந்தால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. பரிசீலனைக் கட்டணமும் இல்லை. பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த கோப்புக்கு இது பெரிய விடுதலை. வரவேற்க வேண்டிய மாற்றம். அதேசமயம் தவறைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப இடையில் ஆள் இல்லை என்பதால் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் வந்து விழுகிறது. பொய்த் தகவல் பிற்பாடு வெளிப்பட்டால் கையில் உள்ள அனுமதியே செல்லாமல் போகும். விண்ணப்பத்தைத் தரகரிடம் விட்டுவிட்டு ஒதுங்குவது ஆபத்து. பதிவேற்றும் ஒவ்வொரு தாளையும் உரிமையாளர் படித்துப் பார்க்க வேண்டும்; தன் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுக்க வேண்டும்.

அனுமதிக்குப் பிறகு நடக்கும் மீறல்களில் அதிகம் காணப்படுவது, காலியிடத்தைத் தின்னும் மாடிப்படியும் வரைபடத்தில் இல்லாத இன்னொரு தளமும்தான். சட்டப்படி அதிகாரிகள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தலாம், பூட்டி முத்திரையிடலாம், இடிக்கவும் உத்தரவிடலாம். வீட்டுக் கடன் தரும் வங்கியும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்கும். கட்டிய வீடு அதிலிருந்து விலகியிருந்தால் அடுத்த தவணை நின்றுபோகலாம். நாளைக்கு வீட்டை விற்கப் போனாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது இதைத்தான். அதனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்து வையுங்கள். மனையில் கயிறு கட்டி அளவு குறிக்கும் நாளில், வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரை நேரில் வரவழைத்து, நான்கு பக்கக் காலியிடத்தையும் அளந்து சரிபார்த்த பிறகே வானம் தோண்டச் சொல்லுங்கள்.